இலையில் எஞ்சும் அன்னம்

(சாத்தான்குளத்தில் ஐப்பசி அன்னாபிடேகத் திருநாளன்று ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.

  

ஐப்பசித் திங்கள் முழுமதி நன்னாளாகிய இன்று, தமிழகத்துச் சிவாலயங்கள்தோறும் எம்பெருமானுக்கு அன்னாபிடேகம் நிகழ்கின்றது. நாள்தோறும் நீராலும் பாலாலும் இளநீராலும் திருமுழுக்காடும் சிவலிங்கத் திருமேனி, இன்று வெண்சோற்றால் போர்த்தப்பெற்று, பனிமலைபோல் விளங்குகின்றது. கங்கைகொண்ட சோழபுரத்திலும் தஞ்சையிலும் எழுந்தருளியிருக்கும் பெருவுடையார்க்கு மூட்டை மூட்டையாக அரிசி வடித்துச் சாத்துகின்றார்கள். சிற்றூர்ச் சிவாலயத்திலோ ஒரு மரக்கால் அரிசி பொங்கிச் சாத்துகின்றார்கள். அளவில்தான் வேறுபாடு, கருத்தில் வேறுபாடு இல்லை. உயிர்கட்கெல்லாம் உணவளித்துக் காக்கும் பெருமான், அவ்வுணவிலும் நிறைந்து நிற்கின்றான் என்பதை நம் கண்ணுக்குக் காட்டும் திருவிழா இது.

இவ்விழாவில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. தீபாராதனை முடிந்தபின் அந்த அன்னத்தை என்ன செய்கின்றார்கள்? ஆவுடையாரைச் சூழ்ந்த அன்னத்தை எடுத்து அடியார்களுக்குப் பிரசாதமாக வழங்குகின்றார்கள். திருமேனியின்மேல் சாத்திய அன்னத்தைக் குளத்திலோ ஆற்றிலோ கரைக்கின்றார்கள். அது மீன்களுக்கு உணவாகின்றது. ஒரு பருக்கையேனும் குப்பைக்குச் செல்வதில்லை. கோயிலின் முறை இது. பலிபீடத்தில் இடும் அன்னம் காக்கைக்கும் குருவிக்கும் ஆகின்றது. வாயிலில் இடும் அரிசிமாக் கோலம் எறும்புக்கு ஆகின்றது. இவ்வாறு எல்லா உயிரும் உண்ணவேண்டும் என்று வகுத்த சமயம் நம் சமயம்.

கருவறையில் இத்துணைப் பேணுதலோடு நடத்தப்பெறும் அன்னம், அன்னதானப் பந்தியில் எவ்வாறு நடத்தப்பெறுகின்றது என்பதுதான் இன்று நாம் உங்களோடு சிந்திக்க விரும்பும் பொருள். நாம் பல்லாண்டுகளாகத் திருவிழா மேடைகளில் பேசி வருகின்றோம். மேடையின் முன்புறத்தைக் கண்டதுபோலவே பந்தியின் பின்புறத்தையும் கண்டிருக்கின்றோம். மடித்த இலைகளுக்குள் கைபடாத சோறும், கடிபடாத வடையும், ஒரு கரண்டி முழுதும் அப்படியே இருக்கும் கறியும் கூடைகூடையாகச் சென்று ஓடைப்புறத்திலும் குளக்கரையிலும் கொட்டப்படுவதைப் பார்க்கின்றோம். சற்று முன்பு "பிரசாதம்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்ட பொருள், அரை நாழிகையில் குப்பை ஆகிவிடுகின்றது.

இதனைச் சிறு குற்றம் என்று சிலர் எண்ணலாம். சோறுதானே, மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே போகின்றது, இதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை காணச் சைவம் கூறும் அட்டமூர்த்தத் தத்துவமே நமக்குத் துணை. நிலம், நீர், தீ, காற்று, வான், ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் எட்டும் பெருமானுக்குத் திருமேனிகள். ஒரு பிடி சோற்றில் இந்த எட்டும் அடங்கியிருக்கின்றன. நிலம் தாங்கியது, நீர் வளர்த்தது, ஞாயிறு ஒளி தந்தது, காற்றும் வானும் இடம் தந்தன, பயிர்களுக்குத் தலைவன் திங்கள் என்பது மரபு, தீ சமைத்தது, உழவன் என்னும் உயிர் உழைத்தது. ஆகவே ஒரு பிடி சோற்றை எறிபவன், அறியாமலே எட்டுத் திருமேனிக்கும் இழுக்குச் செய்கின்றான். இதில் நீரையும் காற்றையும் உயிரையும் மட்டும் எடுத்துக்கொண்டு, எங்ஙனம் என்று பார்ப்போம்.

முதலில் நீர். நம் சாத்தான்குளம் வட்டாரம் தேரி மண் நிறைந்தது. செம்மணல் மேடும், பனையும், முருங்கையும் இந்நிலத்தின் செல்வம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர்தான். நம் கருமேனியாற்றில் நீர் ஓடும் நாள்களைவிட மணல் தெரியும் நாள்களே மிகுதி. தாமிரபரணியின் வெள்ள உபரி நீரைக் கருமேனியாற்றுக்கும் நம்பியாற்றுக்கும் கொண்டுவந்து, சாத்தான்குளம், திசையன்விளை முதலிய வறண்ட பகுதிகளை நனைக்கவேண்டும் என்று பல்லாண்டு முயன்று, 2025-ஆம் ஆண்டிலேதான் அந்த இணைப்புக் கால்வாய் தொடங்கி வைக்கப்பெற்றது. நீரின் அருமையை நமக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

நெல்லோ பெரும்பாலும் நீர் வளம் உள்ள இடத்திலிருந்துதான் நமக்கு வரவேண்டும். தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் பாசனத்தில் கார், பிசானம் என இரு பருவம் விளைகின்றது. ஒரு கிலோ அரிசி விளைய, மழைநீரும் பாய்ச்சும் நீரும் சேர்த்து, உலகச் சராசரியாக ஏறத்தாழ 2500 லிட்டர் நீர் செலவாகின்றது என்று அறிஞர்கள் கணக்கிட்டிருக்கின்றார்கள். இப்போது ஓர் எளிய கணக்குப் போடுவோம். ஓர் அன்னதானத்தில் 1000 பேர் உண்கின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் இலையில் 50 கிராம் சோறு, அதாவது இரண்டு கவளம், மிச்சம் வைக்கின்றார்கள். மொத்தம் 50 கிலோ சோறு. அதற்கு வேண்டிய அரிசி ஏறத்தாழ 20 கிலோ. அதை விளைவித்த நீர் 50,000 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஐந்தை வரிசையாக நிறுத்திக் குழாயைத் திறந்து மணலில் விட்டால் நாம் பொறுப்போமா? ஊரே திரண்டு தடுக்கும் அன்றோ? அதே நீர் சோற்றின் வடிவில் இலையில் கிடந்து போகும்போது ஒருவரும் தடுப்பதில்லை. குடத்தில் உள்ள நீரைக் கண் காண்கின்றது. சோற்றில் உள்ள நீரை அறிவுதான் காணவேண்டும்.

அடுத்துக் காற்று. மடித்த இலைகள் குப்பை மேட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, காற்றோட்டம் இன்றி உள்ளே அழுகும்போது, மீத்தேன் என்னும் வளி தோன்றுகின்றது. நிலவுலகைச் சூடாக்கும் வளிகளுள் இது கொடியது. கரியமில வளியோடு ஒப்பிட்டால், நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. நாம் எறிந்த சோறு மண்ணுக்குப் போயிற்று என்று எண்ணுகின்றோம். அது வானுக்கும் போகின்றது.

இஃது ஓர் ஊரின் செய்தி அன்று. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலுமாக 105 கோடி டன் உணவு வீணாயிற்று. தோல், கொட்டை முதலிய உண்ணாத பகுதிகளும் இக்கணக்கில் அடங்கும். எனினும் நுகர்வோர்க்கு எட்டும் உணவில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இதில் நூற்றுக்கு அறுபது பங்கு வீணாவது வீடுகளில்தான். நம் பாரத நாட்டில் வீடுகளில் மட்டும், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 55 கிலோ என்று மதிப்பிட்டிருக்கின்றார்கள். வயலிலிருந்து கடைவரை கெடுவதும், அதன்பின் இலையிலும் பானையிலும் வீணாவதும் சேர்ந்து, மனிதர் செயலால் உண்டாகும் வெப்பவளிகளில் 8 முதல் 10 விழுக்காட்டிற்குக் காரணமாகின்றன. அதே காலத்தில் உலகில் 78 கோடிக்கு மேற்பட்ட மக்கள் பசியோடு இருந்தார்கள். ஒருபுறம் எறிகின்ற கை. மறுபுறம் ஏந்துகின்ற கை. இரண்டுக்கும் நடுவே நிற்கின்றான் எம்பெருமான்.

மூன்றாவது உயிர். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் நம் மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஓர் ஆண்டு முழுதும் பெய்யவேண்டிய மழையினும் மிகுதி அது. வெப்பம் ஏறிய காற்று மிகுந்த நீராவியைத் தாங்கும். ஆதலின் பெய்யும் மழை பேய்மழை ஆகின்றது என்பது அறிவியலார் கூற்று. அந்த வெள்ளத்துக்கு நம் எச்சிலையே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. உலகைச் சூடேற்றும் பல காரணங்களுள் நம் கையால் தடுக்கக்கூடிய ஒன்று இது என்றே சொல்ல வருகின்றோம்.

அவ்வெள்ளத்தின்போது நிகழ்ந்த ஒரு செயலை நாம் வணங்கிச் சொல்லவேண்டும். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகள். அவர்களுள் ஒரு பகுதியினர் பள்ளி ஒன்றில் தங்க வைக்கப்பெற்றனர். எஞ்சிய பல நூறு பேர் ரயிலிலேயே இரண்டு நாள் சிக்கிக் கிடந்தார்கள். அருகிலுள்ள புதுக்குடி மக்கள், தங்கள் வீடுகளும் மழையில் தத்தளித்த நிலையிலும், தங்களிடம் இருந்த அரிசியையும் காய்கறியையும் ஒன்றுசேர்த்துச் சமைத்து, அந்த முகமறியா மக்களுக்குச் சோறிட்டார்கள். அன்று அங்கே ஒரு பிடி சோற்றின் விலை என்ன? உண்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த ரயிலில் இலை போட்டிருந்தால் ஒரு பருக்கை மிஞ்சியிருக்குமா? அன்னத்தின் மதிப்பு பசி வந்தபோதுதான் தெரியவேண்டும் என்பதில்லை. பசி இல்லாத நாளிலும் அதனை அறிபவனே அறிவுடையவன்.

அன்னத்தின் அருமையை அறிந்தவர்கள் நம் நாயன்மார்கள். இளையான்குடிமாற நாயனாரை எண்ணிப் பாருங்கள். வறுமை வந்த காலத்தில், மழை பெய்யும் நள்ளிரவில், பசியோடு ஓர் அடியார் வருகின்றார். வீட்டில் ஒன்றும் இல்லை. அன்று பகலில் விதைத்த நெல் வயலில் முளைத்துக் கிடக்கின்றது. இருளில் சென்று அம்முளையை வாரிக் கூடையில் கொண்டுவருகின்றார். விறகு இல்லை; கூரையின் வரிச்சை அறுத்துக் கொடுக்கின்றார். கறிக்குக் கொல்லையில் முற்றாத கீரையைப் பறித்து வருகின்றார். அம்மையார் ஆக்கிப் படைக்கின்றார். வயலில் சிதறிய விதையைக்கூட ஓர் உயிரின் பசிக்காகத் திரட்டியவர் அவர். நாமோ இலையில் திரண்டு கிடக்கும் சோற்றைக் குப்பையில் சிதறுகின்றோம்.

அரிவாட்டாய நாயனார் வரலாறோ இன்னும் உள்ளத்தை உருக்குவது. கணமங்கலத்துத் தாயனார் நாள்தோறும் செந்நெல் அரிசி அமுதும், செங்கீரையும், மாவடுவும் இறைவனுக்குப் படைத்துவந்தவர். செல்வம் போயிற்று, கூலிக்கு நெல் அறுத்தார். கூலியாகக் கிடைத்த செந்நெல்லை இறைவனுக்கு ஆக்கி, தாம் கார்நெல் உண்டார். பின்னர்க் கீரை உண்டார். அதுவும் அற்றபோது நீரே உண்டார். ஒருநாள் கூடையில் அமுது சுமந்து செல்லும் வழியில், பசித் தளர்ச்சியால் கால் இடறி விழுந்தார். அமுது முழுதும் வயலின் வெடிப்பில் சிந்திப்போயிற்று. இறைவனுக்கு உரிய அன்னம் மண்ணில் போயிற்றே என்று ஆற்றாதவராய், அரிவாளால் தம் கழுத்தை அரியத் தொடங்கினார். அப்போது அந்த வெடிப்பிலிருந்தே எம்பெருமானின் திருக்கை எழுந்து தடுத்தது. மாவடு கடிக்கும் ஓசையும் கேட்டது என்கின்றார் சேக்கிழார் பெருமான்.

இவ்வரலாற்றில் இரண்டு உண்மைகளைக் காண்கின்றோம். ஒன்று, அறியாமல் சிந்திய அன்னத்துக்கே அவர் அத்துணை வருந்தினார். அறிந்து எறியும் நமக்கு எத்துணை வருத்தம் வேண்டும்! மற்றொன்று, வயல் வெடிப்பில் விழுந்த அன்னத்தை இறைவன் விடவில்லை. அங்கேயே ஏற்று உண்டான். கருவறையில் இருப்பவன் வயலிலும் இருக்கின்றான் என்றால், நாம் எச்சிலை கொட்டும் ஓடையிலும் குளக்கரையிலும் அவன் இல்லையா?

இங்கே ஒரு தடை எழும். "சாமி, அன்னதானத்தில் கணக்குப் பார்க்கலாமா? வாரி வழங்குவதல்லவோ தருமம்? இலை நிறையப் போடாவிட்டால் உபயதாரருக்குக் குறைவல்லவோ?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம் ஊர்ப்புறத்தில் இலையில் கொஞ்சம் மிச்சம் வைப்பதை வயிறு நிறைந்ததற்கு அடையாளமாகவே சிலர் கருதுவதும் உண்டு.

இதற்கு விடை நம் கோயிற் கல்வெட்டுகளிலேயே இருக்கின்றது. சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தால், இன்ன சந்திக்கு அரிசி இத்தனை நாழி, நெய் இத்தனை ஆழாக்கு, தயிர் இத்தனை உரி என்று அளவு தவறாமல் வெட்டியிருப்பதைக் காணலாம். தஞ்சைப் பெரியகோயிலை எடுப்பித்த இராசராசப் பெருமன்னன் கொடையில் குறைந்தவனா? அவனே அளவு குறித்தான். சிவாலயத்தில் சண்டேசுர நாயனார் சந்நிதியில் கைகளை மெல்லத் தட்டி, கோயிற் பொருள் எதையும் கொண்டு செல்லவில்லை என்று காட்டிவிட்டுத்தான் நாம் வெளியே வருகின்றோம். சிவன் சொத்தில் ஒரு நூலிழைக்கும் கணக்கு உண்டு என்பதே அதன் பொருள். அன்னம் மட்டும் கணக்கில் சேராதா? கணக்கு என்பது கருமித்தனம் அன்று. ஒருவன் இலையில் வீணாகும் சோறு, பந்திக்குப் பிந்தி வந்து "சோறு தீர்ந்துவிட்டது" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பும் ஏழையின் பங்கு. அந்தப் பங்கைக் காப்பதற்கே கணக்கு.

வடலூரில் இராமலிங்க வள்ளலார் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகின்றது. வந்தவர்க்கெல்லாம் பசியாற்றும் அச்சாலையைத் தாங்கி நிற்பது உயிர்களிடத்து இரக்கம். இரக்கம் இருக்கும் இடத்தில் வீண் இருக்காது. 2002-ஆம் ஆண்டு முதல் தமிழகத் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் நடந்து வருகின்றது. நம் அண்டையிலுள்ள திருச்செந்தூரில் 2022-ஆம் ஆண்டு முதல் நாள் முழுதும் அன்னதானம் நடக்கின்றது. பந்திகள் பெருகப் பெருக, பந்தியைப் பேணும் பொறுப்பும் பெருகுகின்றது.

ஆதலின் இவ்வூர் விழாக் குழுவினரிடத்தும் உபயதாரர்களிடத்தும் அடியார்களிடத்தும் நான்கு விண்ணப்பங்களை வைக்கின்றோம்.

முதலாவது, எண்ணி வடித்தல். சென்ற ஆண்டு எத்தனை படி அரிசி போட்டோம், எத்தனை இலை விழுந்தது, எத்தனை அண்டா மிஞ்சியது என்று ஒரு குறிப்பேடு வையுங்கள். எல்லா அரிசியையும் ஒரே நேரத்தில் வடிக்காமல், கூட்டத்தைப் பார்த்து அடுத்த உலையை ஏற்றுங்கள்.

இரண்டாவது, சிறுகப் பரிமாறி மறுபடியும் கேட்டல். ஒரே முறையில் குவிப்பதைவிட, மும்முறை வந்து "இன்னும் கொஞ்சம் வேண்டுமா?" என்று கேட்பதே உண்மையான உபசாரம். குழந்தைகளுக்குச் சிறு இலை போடுங்கள். உண்போர் வேண்டாததை முதலிலேயே கைகாட்டி மறுக்கலாம். அதில் குற்றம் இல்லை. ஆனால் ஒன்று: முதியவரோ நோயாளியோ குழந்தையோ உண்ண மாட்டாமல் மிச்சம் வைத்தால், பந்தியில் அவர்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லலாகாது. சோற்றைக் காக்கப் போய் மனத்தைப் புண்படுத்துவது அறம் ஆகாது. பரிமாறுபவர் கையில்தான் திருத்தம் வேண்டும்.

மூன்றாவது, கை படாமல் மிஞ்சிய அன்னம். அது கெடுவதற்கு முன்பே, சூடு ஆறிப் பலமணி நேரம் கிடக்க விடாமல், பசித்தோரிடம் சேரவேண்டும். யாரிடம் கொடுப்பது, யார் வண்டி கொண்டுவருவது என்பதைப் பந்திக்கு முன்னரே முடிவு செய்யுங்கள். மிஞ்சிய உணவைப் பாதுகாப்பாகப் பகிர்ந்தளிப்பதற்கென்றே 2019-ஆம் ஆண்டில் நடுவண் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறைகள் வகுத்திருக்கின்றது. புளித்த சோற்றைத் தானம் என்று கொடுப்பது புண்ணியம் அன்று, பாவம். நாம் உண்ணத் தயங்குவதைப் பிறர்க்கு ஈதல் கூடாது.

நான்காவது, எச்சிலை. வாழையிலை மாட்டுக்கும் ஆகும், மண்ணுக்கும் ஆகும். பிளாஸ்டிக் பூசிய தட்டும் தாளும் இரண்டுக்கும் ஆகா. அவற்றைத் தமிழக அரசு 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்தே தடை செய்துள்ளது. எனினும் அவை ஒளிந்து வருகின்றன. சோற்று மணத்துக்கு வந்த பசு அதனையும் விழுங்கி வயிறு அடைத்து மாள்கின்றது. இடபத்தை ஊர்தியாக உடைய பெருமான் கோயில் விழாவினால் ஒரு பசு மாளலாமா? வாழையிலையே போடுங்கள். கோயில் நந்தவனத்தில் ஒரு குழி வெட்டி, இலையும் எஞ்சிய சோறும் காய்கறித் தோலும் மண்ணோடு மாற்றி மாற்றி அடுக்கி, காற்றுப்படும்படி அவ்வப்போது கிளறிவிடுங்கள். மீத்தேன் எழுவது பெரிதும் குறையும். சில திங்களில் எரு ஆகும். அந்த எருவில் அரளியும் நந்தியாவட்டையும் பூக்கும்; அந்தப் பூ இறைவன் திருமுடியில் ஏறும். எச்சிலாய்ப் போனது மலராய்த் திரும்பி வரும்.

கோயிலில் கற்றதை வீட்டிலும் கடைப்பிடிக்கவேண்டும். நம் பாட்டிமார் எஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்தார்கள். காலையில் அது பழஞ்சோறு ஆயிற்று, நீராகாரம் ஆயிற்று. அரிசி கழுவிய நீரும் வடித்த கஞ்சியும் மாட்டுத் தொட்டிக்குப் போயின. உலையில் இடும்முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டு, மாதம் முடிந்ததும் கோயிலுக்கோ மடத்துக்கோ கொடுத்தார்கள். அதற்குப் பிடியரிசி என்று பெயர். தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் சொல்கின்றோமே, 1876-ஆம் ஆண்டில் தொடங்கிப் பல இலட்சம் மக்களை மாய்த்த அப்பஞ்சம், அதனைக் கண்டவர்களும் கேட்டவர்களும் ஒரு பருக்கையையும் சிந்தாமல் உண்ணக் கற்பித்தது. இன்று வீட்டில் குளிர்பெட்டி இருக்கின்றது. உள்ளே வைத்ததை மறந்து, நான்காம் நாள் எடுத்து எறிகின்றோம். கருவி வந்தது, கருத்துப் போயிற்று. இன்று இரவு முதல், உலை வைக்கும்முன் "நாளைக்கு எத்தனை பேர்?" என்று ஒரு கேள்வியை வீட்டிலே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியும் ஒரு வழிபாடே.

அன்பர்களே! சற்று நேரத்தில் திரை விலகி, அன்னத் திருமேனியைக் காணப் போகின்றோம். அதன்பின் பந்தியில் அமரப் போகின்றோம். கருவறையில் கண்டதையே இலையிலும் காண்போமாக. வேண்டிய அளவு கேட்டு வாங்கி, இட்டதை முழுதும் உண்டு, பிந்தி வருவோர்க்கும் பங்கு இருக்கும்படி எழுவோமாக. தேரி மண்ணில் மழை தவறாது பெய்யவும், கருமேனியாற்றில் நீர் ஓடவும், தாமிரபரணிக் கரையில் பிசானம் செழிக்கவும், எவ்வுயிரும் பசியின்றி வாழவும் எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.